கலைஞர் நீங்கலாக

கலைஞர்களும் கல்வி நிறுவனங்களும் கலாசார அமைப்புகளும் நெடுங்காலம் சேர்ந்து நடப்பது எப்படி என்று உலகமெங்கும் மாநாடு கூட்டி மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மாத்தளை மாவட்டத்தில் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. நாங்கள் அதைச் சாதித்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. நம்பாதவர்கள் மாத்தளை நகரிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே வந்து, அலுவிகாரையைத் தாண்டி, பலாபத்வலையில் ஒரு தேநீரோடு வீதியோரம் நிற்கலாம். சுற்றுலா பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வழியிலுள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களில் இறங்கிக் கறுவாவையும் சாதிக்காயையும் முகர்ந்துவிட்டு, மூலிகை எண்ணெய் ஒரு போத்தலும் வாங்கிக்கொண்டு, தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் விரையும் பஸ்கள். அவற்றில் வருகிறவர்கள் பார்க்கப் போவதுதான் எங்கள் சாதனை.

1980இல் யுனெஸ்கோவும் இலங்கை அரசும் சேர்ந்து கலாசார முக்கோணத் திட்டத்தைத் தொடங்கின. அதே வருடம் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி மத்திய கலாசார நிதியம் உருவானது. 1982இல் சீகிரியாவும் 1991இல் தம்புள்ளைக் குகைக் கோயிலும் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. பேராசிரியர் சேனக பண்டாரநாயக்கவும் களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகமும் அந்த வட்டாரத்தைக் காடு மேடெல்லாம் நடந்து ஆராய்ந்தார்கள். எத்தனை அரசாங்கங்கள் வந்தன, போயின. ஒரு கிளர்ச்சி, ஒரு நீண்ட போர், ஒரு பெருந்தொற்று, பெற்றோல் வரிசை எல்லாம் நடந்து முடிந்தன. கூட்டுறவு அசையவில்லை. நுழைவுச்சீட்டுக் கூண்டு திறந்தே இருக்கிறது.

இதன் இரகசியத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை; அடக்கம். நான் சொல்கிறேன். சீகிரியாப் பெண்களைத் தீட்டியவர்கள் காசியப்பன் காலத்தவர்கள். ஐந்தாம் நூற்றாண்டோடு அவர்கள் கதை முடிந்தது. பெயரைக்கூட விட்டுப்போகவில்லை. இவர்களைப்போல ஒத்துழைப்புத் தரும் கலைஞர்கள் வேறெங்கும் கிடைக்க மாட்டார்கள். பிரயாணப்படி கேட்பதில்லை. சீட்டு விற்ற காசில் பங்கு கேட்பதில்லை. ஆய்வாளர் பேசும்போது “நான் வரைந்தது அதுக்கில்லை ஐயா” என்று குறுக்கிடுவதில்லை. பேத்தியின் சாமத்தியச் சடங்கு, தோட்டத்தில் சாவு என்று சொல்லிக் கடைசி நேரத்தில் வராமல் நிற்பதில்லை. மூன்று தரப்பில் ஒரு தரப்பு ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்பே இறந்திருந்தால், மற்ற இரண்டு தரப்பும் எவ்வளவு அன்னியோன்னியமாக வாழலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சங்கடம் எல்லாம் உயிரோடிருக்கும் கலைஞரால்தான். மாத்தளையைச் சுற்றியுள்ள பெருந்தோட்டங்களில் அந்த இனம் இன்னும் அடியோடு அற்றுப்போகவில்லை. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றுகிறார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரை இரவிரவாகத் தப்பு முழங்குகிறது. ரதியும் மதனும் லயம் லயமாகப் போகிறார்கள். தூதன் வருகிறான், எமன் வருகிறான், வீரபத்திரர் வந்து சிறுவர்களை அலற வைக்கிறார். கடைசியில் சிவன் நெற்றிக்கண் திறக்க, காமன் எரிகிறான். ரதி புழுதியில் புரண்டு அழுகிறாள். வேசம் கட்டியிருப்பவர் மீசை மழித்த ஆண்பிள்ளை என்பதை மறந்து லயத்துப் பெண்களும் சேர்ந்து அழுகிறார்கள். இதற்குத் தலைமை தாங்குபவரைத் தோட்டத்தில் மாஸ்டர் என்பார்கள். கங்காணிமார் மரக்கலத்தில் ஆள் கொண்டுவந்த காலத்திலிருந்து ஓர் உடன்படிக்கையும் இல்லாமலே இந்தக் கூத்து நடந்துவந்திருக்கிறது. எவ்வளவு ஒழுங்கற்ற நிலை என்று பாருங்கள். இதைச் சீர்செய்யத்தான் நிறுவனங்கள் வந்தன.

முதலில் புரிந்துணர்வு உடன்படிக்கை. அதன் அழகை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். குத்துவிளக்கு, மேசை விரிப்பு, இரண்டு தரப்புக்கும் இரண்டு பேனை, பின்னால் பதாகை. பல்கலைக்கழகத்தின் சார்பில் ஒருவர் ஒப்பமிடுவார், கலாசார அமைப்பின் சார்பில் இன்னொருவர். கோப்புகளை மாற்றிக்கொள்ளும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கமராவைப் பார்ப்பார்கள். அதற்குப் பயிற்சி வேண்டும். கலைஞர் எங்கே என்று கேட்பவர் விவரம் தெரியாதவர். கலைஞர்தானே உடன்படிக்கையின் பொருள்? காணி விற்கும்போது காணியிடமா கையெழுத்து வாங்குகிறார்கள்?

காலவரையறை ஐந்து வருடம் என்று எழுதுவது வழக்கம். உபவேந்தரின் பதவிக்காலமோ மூன்று வருடம். திணைக்களத்து அதிகாரிக்கு அதற்கும் முன்பே இடமாற்றம் வரும். புதியவர் வந்ததும் பழைய கோப்பைத் தேடி நேரத்தை வீணாக்காமல் புதிதாக ஒன்றில் ஒப்பமிடுவார். ஆகவே எங்கள் நீண்டகாலக் கூட்டுறவு முதுமை அடைவதே இல்லை. எப்போது பார்த்தாலும் அது பிறந்து ஒரு மாதமாகத்தான் இருக்கும்.

அடுத்தது செயலமர்வு. வளவாளர் கொழும்பிலிருந்து வருவார். கூத்து என்றால் என்ன என்று மாஸ்டருக்கு விளக்குவார். மாஸ்டர் பின்வரிசையில் சிற்றுண்டிப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்பார். நாற்பது வருடமாகத் தான் செய்துவந்தது சடங்குசார் நிகழ்த்துகை என்று அன்றுதான் அவருக்குத் தெரியவரும். வேலைக்குப் போகாததால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், விழாது என்பது உண்மைதான். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ஆனது. அந்தச் சம்பளத்தை இழந்துதான் அவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். வளவாளருக்குக் கொடுப்பனவு, வாகனத்துக்கு எரிபொருள், மண்டபத்துக்கு வாடகை என்று வவுச்சரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு உண்டு. போன பேருக்கு மட்டும் தலைப்பு இல்லை. அதனால் அவருக்குச் சான்றிதழ் கொடுப்பார்கள். காமன் கூத்துச் செயலமர்வில் அவர் பங்குபற்றினார் என்று அதில் அச்சிட்டிருக்கும். இனிமேல் தோட்டத்தில் யாராவது “உனக்குக் கூத்துத் தெரியுமா?” என்று கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

பிறகு விழா. பிரதம அதிதி, கௌரவ அதிதி, சிறப்பு அதிதி, அழைப்பிதழில் பெயர் வராவிட்டால் கோபிக்கும் அதிதி ஆகியோர் பேசி முடித்தபின் கூத்துக்கு இடம் கிடைக்கும். மேடைக்குப் பின்னால் நடக்கும் பேச்சும் கூட்டுறவின் ஓர் அங்கம்தான்.

“மாஸ்டர், பத்து நிமிசந்தான் இருக்கு.”

“ரதி ஒப்பாரி வைக்கிறதுக்கே அர மணித்தியாலம் போகுமே சேர்.”

“ஒப்பாரிய விட்டுருங்க. மங்களகரமான நிகழ்ச்சி, பாருங்க.”

“அப்ப காமன எரிக்கிறது?”

“மண்டபத்துல நெருப்புக்கு அனுமதி இல்ல. செவப்பு லைட் போடச் சொல்லியிருக்கு.”

சிவபெருமானுக்கே தோன்றாத தீர்வு இது. முக்கண்ணன் மன்மதனைச் சுட்ட பாவமும் இல்லை, ரதி விதவையான துக்கமும் இல்லை, தரைவிரிப்புக்கும் சேதமில்லை. பார்வையாளர் கைதட்டிவிட்டுத் தேநீருக்கு எழுந்து போகலாம்.

கல்வி நிறுவனங்களின் தொண்டு இதைவிடப் பெரிது. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் என்றொரு பாடம் இருக்கிறது. மலையகக் கூத்துகளும் அதில் வருகின்றன. காமன் கூத்தின் பண்புகளில் ஐந்து தருக என்றால் பிள்ளை ஐந்து தருவாள். அவளுடைய தாத்தாவே காமன் மாஸ்டராக இருக்கலாம். அவருக்கு ஆறாவது ஏழாவது பண்புகளும் தெரிந்திருக்கலாம். ஆனால் புள்ளித்திட்டத்தில் இல்லாததைச் சொல்லிப் பேத்தியின் மூளையைக் குழப்ப வேண்டாம் என்று வீட்டில் அவரை அடக்கி வைத்திருப்பார்கள். தாத்தாவைப் பாடசாலைக்கு அழைத்து ஒரு மாதம் சொல்லிக் கொடுக்க வைக்கலாமே என்று கேட்பது எளிது. அவரிடம் பட்டம் இருக்கிறதா? டிப்ளோமா இருக்கிறதா? சாதாரண தரச் சித்திகள் எத்தனை? கண்டவர்களையெல்லாம் வகுப்புக்குள் விட்டால் கல்வித்தரம் என்னாவது? சாதாரண தரத்துக்கு அழகியற் பாடம் என்று கர்நாடக சங்கீதம் இருக்கிறது, பரதநாட்டியம் இருக்கிறது, சித்திரம் இருக்கிறது. தப்பு இல்லை. இருக்கவும் கூடாது. சாவுக்கும் சாமிக்கும் தப்பு வேண்டும், அடிக்கிறவர் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று ஊரே கட்டிக் காத்த ஒழுங்கைப் பாடசாலை மட்டும் எப்படி மீறும்? சமூகத்தோடு பாடசாலை கொண்டுள்ள பங்காளித்துவம் என்பது இதுதானே.

பல்கலைக்கழகங்கள் ஆவணப்படுத்துகின்றன. ஆவணப்படுத்தலுக்கு எங்கள் வட்டாரம் புதிதல்ல. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சத்துக்கும் போருக்கும் பயந்து, அதுவரை வாய்மொழியாகக் காத்துவந்த திரிபிடகத்தைப் பிக்குகள் ஓலையில் எழுதி வைத்தது இதே அலுவிகாரையில்தான். ஒரு சிறு வேறுபாடு: அங்கே மனப்பாடமாக வைத்திருந்தவர்களின் சங்கமே கூடி எழுதிற்று, ஓலையும் அவர்களிடமே இருந்தது. அந்தப் பழைய முறையை நவீன ஆய்வு முன்னேற்றியிருக்கிறது. இன்று பாடுபவர் ஒருவர், பதிபவர் ஒருவர், வைத்திருப்பவர் இன்னொருவர். ஒலிப்பதிவு வேறு ஊருக்குப் போகிறது. அங்கே அலுமாரியில், சாவி இருக்கும் உத்தியோகத்தர் லீவில் இல்லாத நாட்களில், முறைப்படி விண்ணப்பித்தால் மாஸ்டரே தன் குரலைக் கேட்கலாம். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவருடைய பெயர், வயது, தோட்டம், டிவிசன் எல்லாம் தகவலாளர் பட்டியலில் வந்துவிடும். பட்டம் ஆய்வாளருக்கு, வயது மாஸ்டருக்கு, பங்கீடு நியாயமானதுதான். அலுவிகாரையின் பழைய ஓலைகள் 1848 மாத்தளைக் கலகத்தை அடக்கியபோது ஆங்கிலேயர் கையில் அழிந்தன என்பார்கள். இன்றைய ஆவணங்களுக்கு அந்த ஆபத்து கிடையாது. ஆங்கிலேயரே வந்தாலும் அவை எந்த அலுமாரியில் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க முடியாது.

இந்த நல்ல ஏற்பாடுகளுக்கு எதிராக நடந்துகொண்ட சிலரையும் இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. பேராதனை இங்கிருந்து தூரமில்லை. அங்கே 1950களில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர ‘நாடகம’ என்னும் சிங்களக் கூத்தைத் தேடி, சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற கிராமத்து ஆசானைக் கூட்டிவந்தார். 1956இல் ‘மனமே’ நாடகம் வந்தது. அதைப் பார்த்துப் பேராசிரியர் சு. வித்தியானந்தனும் கெட்டுப்போனார். மட்டக்களப்புக்குப் போய் அண்ணாவிமாரைத் தேடினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கே கொண்டுவந்து மாணவர்களை ஆட வைத்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைமையையும் அவரே வைத்திருந்ததால் பல்கலைக்கழகம், கலைக்கழகம், அண்ணாவியார் ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் நின்றன. விடிய விடிய ஆடியதை ஒன்றரை மணித்தியாலமாகச் சுருக்கிப் படச்சட்ட மேடையில் ஏற்றினாரே என்று பிற்பாடு சிலர் வழக்குத் தொடுத்தார்கள்; சி. ஜெயசங்கர் மட்டக்களப்புச் சீலாமுனையில் கூத்தைக் களரியிலேயே வைத்து, ஊரவரோடு இருந்து மீளுருவாக்க முனைந்ததும் அந்த வழக்கின் தொடர்ச்சிதான். வழக்கில் நியாயம் உண்டு. ஆனால் என் குற்றச்சாட்டு வேறு. பேராசிரியர் ஒத்திகையில் உட்கார்ந்தார். வருடக் கணக்காக உட்கார்ந்தார். ஒரு பேராசிரியர் இப்படி உட்கார்ந்துவிட்டால் அடுத்து வருகிறவர்களிடமும் மக்கள் அதை எதிர்பார்க்க மாட்டார்களா?

நல்லவேளை, எதிர்பார்க்கவில்லை. வித்தியானந்தன் யாழ்ப்பாணத்துக்குப் போய் 1979இல் அங்கே துணைவேந்தர் ஆனார். பேராதனைக் கூட்டுறவு அவர் பெட்டியோடு போயிற்று. அவருடைய ‘இராவணேசன்’ சி. மௌனகுருவுக்குள் போய்ப் பல வருடம் கழித்து மறுபடி எழுந்தது என்றால், அது ஒரு மாணவனின் பிடிவாதம். அதற்கும் உடன்படிக்கைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பேராதனையைச் சுற்றி எத்தனையோ தோட்டங்கள். மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியார் வந்துவிட்டார்; மலைக்கு மறுபக்கத்துக் காமன் மாஸ்டர் வந்துசேரவில்லை. அருகிலிருப்பவரோடு கூட்டுச் சேர்ந்தால் நீண்டகாலம் ஆகிவிடும் என்று யாரோ பயந்திருக்க வேண்டும்.

இன்னொரு குற்றவாளி அலுவிகாரையிலேயே இருந்தார். எனா டி சில்வா. பத்திக் துணியில் அவர் செய்தது இலங்கையின் நவீன வடிவமைப்புக்கே முகம் கொடுத்தது. ஜெப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை பீச் ஹோட்டலின் முகட்டுத் துணி அவருடையது. கொழும்பில் பாவா கட்டிக் கொடுத்த வீட்டிலேயே பேசாமல் இருந்திருக்கலாம். 1980களில் பரம்பரை ஊருக்குத் திரும்பி, ஊர்ப் பெண்களை வைத்துப் பத்திக்கும் தையலும், பையன்களை வைத்துப் பித்தளை வார்ப்பும் தச்சும் நடத்தினார். 2015இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். செய்த வேலைக்குக் காசும் கொடுத்தார். ஐந்து வருடத் திட்டம், இடைக்கால மதிப்பீடு, நிறைவு அறிக்கை என்று ஆரம்பிக்க வேண்டியவற்றை விட்டுவிட்டு நேரே வேலையில் இறங்கினால் இப்படித்தான் முப்பது வருடம் இழுபடும். இந்த அம்மாவின் முறையிலிருந்து எந்த நிறுவனமும் எதையும் கற்றுக்கொள்ளாதது அவர்களுடைய கட்டுப்பாட்டுக்கு அத்தாட்சி. தோட்டத்துப் பாடல்களைத் தொழிலாளர் வாயிலிருந்தே கேட்டுத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையும் இதே மாதிரியான ஆள்தான். யாரிடமும் அனுமதிக் கடிதம் பெறாமல் ஒரு சமூகத்தின் பாட்டையெல்லாம் காப்பாற்றிவிட்டார்.

2023ஐ மட்டும் நான் நிறைந்த மனதோடு பாராட்டுவேன். மலையகத் தமிழர் வந்து 200 வருடம். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களோடு நின்றவர்களும் ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டு, முன்னோர் நடந்த அதே பாதையில் நடந்து, ஓகஸ்ட் 12இல் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். நடந்தவர்களைப் பற்றி எனக்கு ஒரு சொல்லும் கிடையாது. கால் கொப்பளித்தவர்களிடம் விளையாடக் கூடாது. நான் மெச்சுவது 200 என்ற எண்ணை. அந்த வருடம் கருத்தரங்கு, கண்காட்சி, சிறப்பு மலர், நினைவுப் பேருரை என்று தப்புச் சத்தம் கேட்காத மண்டபமே இல்லை. 201 வந்தது. பதாகையில் 201 என்று அச்சிட்டால் பார்க்க அழகாக இராது. ஆகவே அடுத்த சுற்றுக்கு 225 வரை பொறுத்திருக்கிறோம். நீண்டகாலம் என்றால் சும்மாவா?

மாஸ்டர் அதுவரை இருப்பாரா என்று கவலைப்படுகிறவர்களுக்குக் கலாபூஷணம் இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டிய கலைஞருக்கு அரசு தரும் விருது. பொன்னாடை, சான்றிதழ், ஒரு தடவை கொடுக்கும் பணம். முப்பது வயதில் ஆதரித்தால் அவர் முப்பது வருடம் நம்மைச் சார்ந்திருப்பார். அறுபதுக்கு மேல் ஆதரித்தால் பொறுப்பும் குறைவு, போட்டோவில் நரைமுடியும் எடுப்பாக விழும். விண்ணப்பத்தோடு பத்திரிகை நறுக்குகள், அழைப்பிதழ்கள், சான்றுகள் இணைக்க வேண்டும். லயத்துக் கூரை ஒழுகி நறுக்குகள் நனைந்துபோனால் அது கூரையின் குற்றம். கூரை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, கலாசாரத்துக்கு அதில் கை வைக்க அதிகாரமில்லை.

இத்தனை சிறப்புகளுக்கும் ஒரே ஓர் இடைஞ்சல் மிஞ்சியிருக்கிறது. அதையும் தீர்த்துவிட்டால் எங்கள் கூட்டுறவு குறையற்றதாகிவிடும். காமன் கூத்து மாசியில் வருகிறது. ஆங்கிலக் கணக்கில் பெப்ரவரி, மார்ச். அரசின் நிதியாண்டு ஜனவரியில் பிறக்கிறது. ஒதுக்கீடு அமைச்சிலிருந்து மாகாணத்துக்கும் அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கும் சுற்றுநிருபங்களோடு நடந்து வந்து சேர வருடத்தின் பின்பாதி ஆகிவிடும். வந்த பணத்தை டிசம்பர் 31க்கு முன் செலவழிக்காவிட்டால் திறைசேரிக்குத் திரும்பிவிடும். எனவே மாசியில் மாஸ்டர் ஊரில் காசு சேர்த்துத் தன் கூத்தை நடத்துகிறார். அப்போது அலுவலகத்தில் பணமில்லை. நவம்பரில் அலுவலகத்தில் பணமிருக்கிறது. அப்போது காமன் இல்லை. வானமும் மாத்தளையில் அந்த மாதம் முழுக்க ஒழுகும், பொட்டலில் நெருப்பு நிற்காது. சென்ற வருடங்களில் இதைச் சமாளிக்க மண்டபமும் சிவப்பு லைட்டும் கண்டுபிடித்தார்கள். அது தற்காலிகத் தீர்வு.

நிரந்தரமாக ஒன்று சொல்கிறேன். நிதியாண்டை மாற்றச் சொல்லி அரசாங்கத்தைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அதற்குச் சட்டம் திருத்த வேண்டும். மாசியைக் கார்த்திகைக்கு மாற்றிவிடலாம், அதற்கு ஒரு சுற்றுநிருபம் போதும். பல்கலைக்கழகம் அதற்குக் கோட்பாட்டு நியாயம் எழுதித் தரும், கலாசார அமைப்பு பதாகை அடித்துத் தரும். சிவனுக்கு எந்த மாதமும் ஒன்றுதான். ரதியும் ஒத்துக்கொள்வாள் என்றே நினைக்கிறேன். மாஸ்டரிடம் மட்டும் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் நல்லது. வழக்கம்போல விழா முடிந்த பிறகு சொன்னாலும் சரி.